கசிவு

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கேள்வி:
கட்டடத்தில் காற்றுக் கசிவு உண்டா?
ஆம். இல்லை. பொருந்தாது.
மூன்று கட்டங்களில் ஒன்றை நிரப்ப
ராஸ் அல் கைமா வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட். விடியக்காலை நாலரை.
கண்ணாடிச் சுவர்கள் வெளிப்பக்கமாக வியர்க்கின்றன,
உள்ளே அவ்வளவு குளிர்.
வாசலில் பச்சை இலை பொறித்த பித்தளைத் தகடு.
சான்றிதழ் நான் தரவேண்டியது;
தகட்டை முன்னமே அடித்துவிட்டார்கள்.
மூன்று திருகுகள். நாலாவது துளை காலி.

வெப்பக் கேமராவுக்கு மரியாதை தெரியாது.
சூடு மஞ்சள், குளிர் ஊதா,
சலவைக்கல்லும் சாக்கும் அதற்கு ஒன்றே.
அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன்.
எல்லாம் ஊதா. எல்லாம் ஒழுங்கு.
ஏசி உதிர்க்கும் தண்ணீர்கூட வீணாகாமல்
யாரும் பார்க்காத ஒரு நீரூற்றுக்குப் போகிறது:
நான்கு புள்ளி.

கூரையில் ஒரு பர்ஜீல்.
விளம்பர அட்டையில் அதன் படம்தான் பெரிது.
நாலு திசைக்கும் நெடிய வாய்கள்.
வாய்க்குள் சிமெண்ட் பலகை,
பலகையின்மேல் இருட்டின் நிறத்தில் பெயின்ட்.
தெருவில் நின்று பார்த்தால் ஆழமாகத் தெரியும்.
காற்று நுழையாத காற்றுக் கோபுரம்.
வட்டார மரபைப் போற்றியதற்கு
இரண்டு புள்ளி.

பதினோராம் மாடி நடைவழியில்
ஒரு கதவின் அடியிலிருந்து மஞ்சள் நாக்கு நீண்டது.

வரைபடத்தில் அந்த அறையின் பெயர் சேமிப்பு.
ஆட்கள்: பூஜ்யம். ஆகவே குளிரூட்டல்: பூஜ்யம்.
மிச்சப்படுத்திய மின்சாரத்துக்கும்
புள்ளி கொடுத்தது நினைவிருக்கிறது.

கதவைத் திறந்தேன்.
ஏழு அட்டைகள் விரித்துக் கிடந்தன.
குழாயில் காயும் இரண்டு துண்டு,
பாதித் தண்ணீரோடு ஒரு கேன்,
உத்தரத்தில் தொங்கும் மிட்டாய்ப் பெட்டி ரிப்பன்.
ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

சுவரில் பென்சில் எழுத்து, தமிழில்:
விடியக்காலை கொண்டல்.
பன்னிரண்டே முக்கால் கச்சான்.
நாலு மணிக்கு மேல் கச்சான் பலம்.
தேதி போட்டு ஒன்பது வாரம்.
மழைக்கு ஒரு பத்தி விட்டு வைத்திருந்தார்கள்,
அதில் ஒன்றும் இல்லை.

ஏசி மெக்கானிக் சவரியப்பன் பின்னாலேயே ஓடி வந்தார்.
"மேடம், கண்ணாடி துடைக்கிறவங்க
மத்தியான வெயில்ல படுக்க இடமில்லாம...
மேற்கால ஒரு பலகை, கிழக்கால ஒண்ணு,
ரெண்டுதான் கழட்டினேன்.
ஒண்ணு மட்டும் கழட்டிப் பாத்தேன், மேடம்,
சும்மா நின்னுச்சு. இப்பவே பூட்டிடறேன்."
சட்டைப் பையில் திருகுகள் கலகலத்தன.

பூட்டத்தான் வேண்டும். விதி அப்படி.
கருவியை நீட்டினேன்: முப்பத்து நான்கு டிகிரி.
அதற்கு மேல் அதிலும் ஒன்றும் சொல்ல முடியாது.
அந்தக் காற்றில் குளிர் இல்லை, உப்பு இருந்தது,
மலையிலிருந்து வந்த புழுதி கொஞ்சம்.
ஆனால் வந்தது.
வந்து, என் பிடரியைத் தொட்டு,
எதிர்ப்பக்கம் ஏறிப் போனது.
பதினோரு மாடி ஏறியதில் ஊறிய முதுகு
மெல்லக் காய்ந்தது.
இந்தக் கட்டடத்தில் அதுவரை பார்த்ததில்
மின்சாரம் இல்லாமல் வேலை செய்த பொருள்
இது ஒன்றுதான்.

ரிப்பன் தொங்கிய திருகு பித்தளை.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
அவரும் மேலே பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கம்.
ஆம் என்றால் நாளைக்கே பலகை ஏறும்,
சவரியப்பன் இறங்குவார்.
இல்லை என்றால் என் கையெழுத்து பொய்.
வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தேன்:
ஆட்கள், பூஜ்யம்.
ஆள் இல்லாத அறையில் யாருக்குக் கசிவு?
அவர்கள் எழுதியதை அவர்களுக்கே திருப்பினேன்:
பொருந்தாது.

குறிப்புகள் என்ற இடத்தில்
'கொண்டல்' என்று எழுதி, அழித்தேன்.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்து
ஒன்றும் தெரியவில்லை.
துடைக்காமல் நின்றேன்.
சாலைக்கு அப்பால் பஸ் வந்து நிற்கும் சத்தம்,
ஒவ்வொருவராக இறங்கும் செருப்புச் சத்தம்.
எண்ணினேன்.
ஏழு.